பழசு என்றால் லட்சமா?

‘உங்கள் வீட்டில் இந்த ஸ்டாம்ப் இருக்கிறதா? நீங்கள் லட்சாதிபதி!’ வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்த ரகச் செய்தி வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் வந்தால் தொலையட்டும் என்று விடலாம். பத்திரிகையிலும் டி.வி.யிலும் வருகிறதே! கூடவே மங்கலாக ஒரு படம். வாட்டர்மார்க் என்ன, எந்த பிளேட்டில் அச்சானது, ஓரத்துத் துளைகள் எப்படி... மூச்! ஒரு வரி கிடையாது.

பழசாக இருப்பதால் மட்டும் தபால் தலைக்கு விலை வந்துவிடாது சார். 1840 மே மாதம் பிரிட்டனில் வெளியான பென்னி பிளாக்தான் உலகின் முதல் தபால் தலை. அதைவிடப் பழசுக்கு எங்கே போவது? ஆனால் அச்சடித்தது சுமார் 6.8 கோடி. இன்றைக்கும் காசு கொடுத்தால் தாராளமாகக் கிடைக்கிறது. அடுத்த வருஷம் வந்தது அதன் தம்பி பென்னி ரெட். அதில் 1864 முதல் வந்த ரகத்தில், இரண்டு பக்க ஓரக் கோலத்துக்குள்ளும் பிளேட் எண் பொடியாக இருக்கும். லென்ஸ் வைத்துத்தான் பார்க்கணும். 177-ம் எண் சல்லிசு. 77-ம் எண் பிளேட் சரியில்லை என்று ஒதுக்கப்பட்டது. தப்பித்தவறி வெளியே வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. நம்ம ஆட்கள் சும்மா இருப்பார்களா? (இந்த விஷயத்தில் வெள்ளைக்காரனும் நம்ம ஆள்தான்.) 177-ல் முதல் 1-ஐச் சுரண்டிவிட்டால் 77!

1948-ல் வந்த பத்து ரூபாய் காந்திக்கும் இதே கதி. ‘சர்வீஸ்’ என்று மேலே அச்சிட்டது மிகச் சொற்பம் என்பதால் விலை எகிறுகிறது. ஆனால் ஒற்றை வார்த்தையை மேலே அடிக்க எந்த அச்சகத்தாலும் முடியுமே! நிபுணர் சான்றிதழ் இல்லாமல் வாங்குகிறவரைக் கடவுள்தான் காப்பாற்றணும்.

பி.காம். படித்தவனுக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. ஆன்லைனில் ஒருத்தர் ரெண்டு லட்சம் என்று போட்டிருக்கிறார். அதையே ‘மதிப்பு’ என்று செய்தியாக்குகிறார்கள். அது அவருடைய ஆசை ஐயா! யாராவது வாங்கினாரா, அதைச் சொல்லுங்கள்.

இத்தனை கூச்சலில் காணாமல் போவது நிஜமான சுவாரஸ்யம். 1957-ல் நயா பைசா வந்தபோது இந்திய வரைபடம் போட்ட தபால் தலைகள் வந்தன. முதலில் நட்சத்திர வாட்டர்மார்க் உள்ள காகிதம். அடுத்த வருஷத்திலிருந்து அசோகர் தூண் வாட்டர்மார்க். முன்பக்கம் அதே வரைபடம். கறுப்புத் தட்டில் குப்புறப் போட்டு, அதற்கென்றே விற்கிற திரவத்தில் நாலு சொட்டு விட்டால் குட்டு வெளிப்படும். இதில் லட்சமெல்லாம் வராது. ஆனால் ஒன்று என்று நினைத்தது ரெண்டு என்று தானே கண்டுபிடிக்கிற எட்டாம் கிளாஸ் பையன், அப்புறம் எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டான். அவனிடம் போய் ‘எவ்வளவுக்குப் போகும்?’ என்று கேட்கக் கற்றுக்கொடுக்கிறோம்.

லட்சம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பரணில் ஏறி, தாத்தா காலத்துக் கடித உறைகளைத் தேடி எடுத்து, தலையை மட்டும் கிழித்துக்கொண்டு, ஓரம் அழகாக இருக்கட்டும் என்று கத்தரியால் வெட்டியும் விடுகிறார்கள். துளைகளை எண்ணி வகை சொல்ல வழியில்லை. எந்த ஊரில், என்றைக்குத் தபாலில் சேர்த்தது என்று சொல்லும் முத்திரை பாதி உறையோடு போச்சு. சேகரிப்பவர்கள் பல சமயம் கேட்பதே முழு உறையைத்தான். அது பழைய பேப்பர்காரரின் தராசில் இருக்கிறது.