குடிகாரன் பேச்சுக்கும் மதிப்பு உண்டு

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்பது ஊரறிந்த பழமொழி. "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்த அப்பாவை நம்பி ஏமாந்த பிள்ளைகள், முடிச்சூரிலும் சுற்று ஊர்களிலும் இதைப் படிக்கும் மாணவர்களிடையே நிச்சயம் இருப்பார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால், அந்தப் பேச்சை அப்படியே தள்ளிவிடாதீர்கள் என்கின்றன குடிநோய் சிகிச்சை குறித்த ஆய்வுகள்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ஆம் ஆண்டு ஒரு கருத்தை முன்வைத்தார். குடிப்பவரிடம் நாம் வாதாடினால் அவர் குடிக்கு வக்காலத்து வாங்குவார். விடுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்பதே அது. 10 ஆண்டு கழித்து அவரது குழு நடத்திய ஆய்வில், சிகிச்சை அளிப்பவர் எந்த அளவுக்குக் கடிந்து மோதினாரோ, அந்த அளவுக்கு அந்த நபர் ஓராண்டுக்குப் பிறகு அதிகம் குடித்தது தெரிந்தது.

2003-இல் பால் அம்ரைன் குழு, போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களின் பேச்சை வரிவரியாக அலசியது. "விடணும்", "விட்டா நல்லது" என்பதெல்லாம் ஆசை. "விடுறேன்" என்பது உறுதி. பேச்சு முடியும் நேரத்தில் அந்த உறுதி வலுத்தவர்களே பின்னாளில் போதையிலிருந்து விலகி நின்றார்கள். ஆசையை உறுதியாக மாற்றுவதுதான் சிகிச்சையின் வேலை.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. மாலை போட்டுக்கொண்டால் 48 நாள் ஒரு சொட்டும் தொடாதவர்கள் எத்தனை பேர்! அவர்களால் முடியாது என்று எப்படிச் சொல்வது? மாலையைக் கழற்றிய மறுநாள் கூலி வாங்கிக்கொண்டு எந்த வழியாக வீடு திரும்புவது, கூப்பிடும் கூட்டாளிக்கு என்ன பதில் சொல்வது என்பதை யாரும் அவரோடு உட்கார்ந்து பேசவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது.

நம் மக்களுக்கு இதில் கூடுதல் சுமை ஒன்று உண்டு. எல்லாச் சாதியினரும் குடிக்கிறார்கள்; "குடிகாரச் சேரி" என்ற பட்டம் மட்டும் நமக்கு. ஏற்கெனவே அவமானப்பட்டவரை மேலும் அவமானப்படுத்தித் திருத்த முடியாது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவர், நாற்றம் தாங்கத்தான் குடிக்கிறேன் என்கிறார். பாதுகாப்புக் கருவிகள் தராமல் மனிதரை அதில் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த வேலையை நிறுத்தாமல் அவரை மட்டும் நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்?

கை கால்களைக் கட்டி அடைத்து வைக்கும் மையங்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள். சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பதும் ஆபத்து. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் மாத்திரையோடு மது சேர்ந்தால் உயிருக்கே உலை வைக்கும். நீண்ட நாள் மிதமிஞ்சிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அவரை மருத்துவமனைக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் இதற்கென சிகிச்சை உண்டு. வழி கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

பெரிய ஆஸ்பத்திரி மட்டும்தான் வழி என்பதும் இல்லை. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, பிறகு மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் நடத்தி, குடும்பத்தாரையும் ஊராரையும் சேர்த்துக்கொண்டு சிகிச்சை அளித்தது. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், கேடு தரும் அளவில் குடித்த 377 ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது; 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியானது. அவர்களில் ஒரு பாதியினரிடம் பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அதிகபட்சம் நான்கு சந்திப்புகள்தான். மூன்று மாதத்தில் அவர்களில் 36 சதவீதம் பேர் கேடு தரும் குடியிலிருந்து மீண்டனர்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம் பேர்.

கோவாவில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது அரசு. உயிரோடு இருந்து "விடணும்" என்று நினைப்பவருக்கு அரசு வைத்திருப்பது என்ன? டாஸ்மாக் கடை இரவு 10 மணி வரை திறந்திருக்கிறது. கூலி வேலை முடிந்து வருபவர் ஆலோசனை கேட்கச் சுகாதார நிலையம் வாரத்தில் ஒரு நாளாவது மாலையில் திறந்திருக்க வேண்டும். அங்கே பேச நம் தெருவிலேயே படித்த இளைஞர்களுக்குப் பயிற்சியும் சம்பளமும் தர வேண்டும்.

இதே செங்கல்பட்டுச் சீமையின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், சென்னை மாகாணச் சட்டசபையில் மதுவிலக்குக்குக் குரல் கொடுத்தவர். கடையை மூடு என்ற கோரிக்கையை நாம் கைவிடத் தேவையில்லை. அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை.

மாணவர்களே, அப்பாவின் குடிக்கு நீங்கள் பொறுப்பல்ல; அவரைத் திருத்தும் பாரத்தையும் நீங்கள் சுமக்க வேண்டாம். அடி விழும் வீட்டில் உங்கள் பாதுகாப்பும் அம்மாவின் பாதுகாப்புமே முதலில். ஆனால், தெளிவாக இருக்கும் ஒரு காலையில் அவர் "விடணும்பா" என்றால், "எத்தனை தடவை சொல்லுவ?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்குச் சாயங்காலம் என்னப்பா பண்ணலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில், விடிந்தாலும் நிற்கக்கூடும்.