உட்காரவும் ஓர் உரிமையா?

புடவைக் கடைக்குப் போகிறோம். வாங்க வந்த நமக்கு நாற்காலி. நமக்காகப் புடவைகளை விரித்துக் காட்டும் பெண்ணுக்கோ வெறுந்தரை! காலையில் நின்றவள் இரவு வரை நிற்கிறாள். கால் வீங்குகிறது, நரம்பு புடைக்கிறது, இடுப்பு கடுக்கிறது. "சிரித்த முகத்தோடு பேசு" என்று பயிற்சி வேறு! கால் கடுக்கும்போது வாய் சிரிக்குமா?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் துணிக்கடைப் பெண்கள் இதைக் கேட்டுத்தான் போராடினார்கள். 2018-ல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் 1947-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் அனைவருக்கும் இருக்கை தரவேண்டும் என்றது.

நல்ல சட்டம்! ஆனால் முக்காலியைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைத்துப் பார்த்தால், அது இருக்கையா, காட்சிப் பொருளா?

"வேலை கெடும்" என்பார் முதலாளி. கல்லாவில் அமர்ந்தே கணக்குப் பார்க்கிறாரே, அவர் வேலை கெட்டதா? களைப்பு நீங்கியவள்தான் தொழிலைக் கற்பாள். கடையைத் தன் கடையென்று எண்ணுவாள்.

ஆய்வாளர்களே, கடைக்குள் சென்று இருக்கைகளை எண்ணுங்கள்! வாங்குவோரே, அடுத்த முறை அமருமுன் முதலாளியைக் கேளுங்கள்: "ஐயா, இந்தப் பெண்ணுக்கு நாற்காலி எங்கே?"