‘இந்திக்காரர்’ எனும் பொய்க்கணக்கு



ஒரு மொழியை அழிக்க விரும்புவோன் வாளெடுத்து வருவதில்லை. எழுதுகோல் எடுத்து வருகிறான். அம் மொழியின் பெயரைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, அவ்விடத்தில் வேறொரு மொழியின் பெயரை எழுதுகிறான். அதன்பின் அம் மொழிக்குப் பள்ளி எதற்கு? நூல் எதற்கு? அலுவலகத்தில் இடம் எதற்கு? இல்லாத மொழிக்கு உரிமை கேட்க எவனுக்கு வாயுண்டு? இச் சூழ்ச்சி இந்தியாவில் பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. இந்தியை எதிர்த்துக் குருதி சிந்திய தமிழராகிய நாமே அதற்கு அறியாமல் துணை நிற்கிறோம் என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி.

‘ஸ்ரீ’ என்னும் அயலெழுத்தைத் தலையிற் சூட்டி அரசுப் பலகைகள் திரித்தெழுதும் திருப்பெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை சென்று வாருங்கள். இருங்காட்டுக்கோட்டையில் உண்டாய்த் தொழிற்சாலை 1998இல் மகிழுந்துகளை உருவாக்கத் தொடங்கியது. நோக்கியா 2006இல் வந்தது. 2014இல் கதவடைத்துச் சென்றது. ஒரகடத்தில் இரெனோ–நிசான் தொழிற்சாலை 2010இல் எழுந்தது. ஏரியும் வயலுமாக இருந்த நிலத்தில் இன்று கொரிய எழுத்திலும் சப்பானிய எழுத்திலும் உணவகப் பலகைகள் தொங்குகின்றன. கொரியரைக் கொரியர் என்கிறோம். சப்பானியரைச் சப்பானியர் என்கிறோம். இருவரையும் சேர்த்து ஒரே பெயரால் எவரும் அழைப்பதில்லை. முதலாளியின் மொழி அத்துணைத் தெளிவாகப் பிரித்தறியப்படுகிறது.

ஆனால், அதே தொழிற்சாலைகளின் பின்புறத்துத் தகரக் கொட்டகைகளில் வாழும் கூலித் தொழிலாளியை என்னவென்று அழைக்கிறோம்? ‘இந்திக்காரன்’ என்கிறோம்! அவன் ஒடிசாவிலிருந்து வந்த ஒடியனாயினும் சரி, சார்க்கண்டின் சந்தாளியாயினும் சரி, வங்காளியாயினும் சரி, பீகாரின் போசுபுரிக்காரனாயினும் சரி, நமக்கு எல்லாரும் இந்திக்காரரே! தில்லி எழுபது ஆண்டுகளாக எந்தப் பொய்யை நிலைநாட்ட முயல்கிறதோ, அந்தப் பொய்யை நாம் தேநீர்க்கடையில் கூலியின்றிப் பரப்புகிறோம்.

அப் பொய்யின் அளவைக் காணுங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகக் கூறிய பெயர்கள் 19,569. அலுவலர்கள் அவற்றை 1,369 ஆகச் சுருக்கி, இறுதியில் 121 மொழிகளுக்குள் அடக்கினர். அந்தக் கணக்கின்படி இந்தி பேசுவோர் 52 கோடியே 83 இலக்கம், அதாவது 43.63 விழுக்காடு. இந்த எண்ணைக் காட்டித்தான் இந்தியே பெரும்பான்மை மொழியென்று முழங்குகின்றனர். ஆனால், இந்தியே தம் தாய்மொழி என்று வாய்திறந்து சொன்னவர்கள் 32 கோடியே 22 இலக்கம் பேரே! அது மக்கள்தொகையில் ஏறத்தாழ 27 விழுக்காடுதான். எஞ்சிய 20 கோடிப் பேர் யாவர்? போசுபுரி பேசுவோர் 5 கோடி, இராசத்தானி 2 கோடியே 58 இலக்கம், சத்தீசுகரி 1 கோடியே 62 இலக்கம், மகதி 1 கோடியே 27 இலக்கம், இன்னும் பல. தனித்தனி மொழிகளாகிய இவற்றையெல்லாம் இந்தி என்னும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டனர்.

இதற்கு மொழியியல் சான்று உண்டா என்று வினவின், மைதிலியே விடை கூறும். 1991 கணக்கெடுப்புவரை மைதிலி இந்தியின் உள்மொழியாக எழுதப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 92ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தால் அது எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது, உடனே தனிமொழியாயிற்று! ஒரே நாளில் அதன் இலக்கணம் மாறியதா? சொற்கள் மாறினவா? இல்லை; போராடியோர் கை ஓங்கியது, அவ்வளவே. ஆகவே அது மொழியியல் கணக்கன்று, அரசியற் கணக்கு.

மொழியை மதியாத அரசு எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஆத்திரேலியா ஒரு படிப்பினை. 1856இல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், அந்நாட்டுத் தொல்குடி மொழிகளின் மூவிடப் பெயர்களைத் திரவிட மொழிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அவ்வுறவை இற்றை மொழியியலார் ஏற்கவில்லை. உறவு இல்லாவிடினும் அம் மொழிகளுக்கு நேர்ந்தது நமக்குப் பாடமே.

1788இல் ஆங்கிலேயர் அங்குக் குடியேறியபோது 250க்கு மேற்பட்ட மொழிகள் வழங்கின. குழந்தைகள் தாய்மொழி பேசுவதைப் பள்ளிகள் தடுத்தன. அம் மொழிகளிற் பெரும்பாலானவை நாவிழந்தன. 1901இல் அந்நாடு ஒரு குடியேற்றச் சட்டம் இயற்றியது. வருவோர் அலுவலர் தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய மொழியொன்றில் ஐம்பது சொற்களைச் சொல்லக் கேட்டு எழுதவேண்டும். எழுதத் தவறினால் நுழைவில்லை. 1934இல் எகான் கீசு என்னும் எழுத்தாளர்க்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரிந்திருந்தமையால், அவரைத் தடுக்கவென்றே இசுக்காத்துலாந்தின் கேலிக்கு மொழியில் தேர்வு வைத்தனர்! மொழி அங்கே கதவின் பூட்டாயிற்று. அத் தேர்வு 1958இல்தான் ஒழிந்தது.

அந்நாடே பின்னர்த் திரும்பிப் பார்த்தது. 1973இல் தொலைபேசி வழி மொழிபெயர்ப்புப் பணி தொடங்கியது. 1987இல் சோசப்பு இலோ பியாங்கோ வகுத்த தேசிய மொழிக்கொள்கை வந்தது. அடிலெய்டுப் பகுதியின் கௌர்ணா மொழியைத் தங்குதடையின்றிப் பேசிய கடைசி அம்மையார் 1929இல் மறைந்தார். ஆயினும், செருமானியக் கிறித்தவத் தொண்டர் இருவர் 1840இல் எழுதிவைத்த இலக்கணத்தையும் சொற்பட்டியலையும் பற்றுக்கோடாகக் கொண்டு, ஏறத்தாழ 1990 முதல் அம் மக்கள் தம் மொழியை மீட்டு வருகின்றனர். ஒருவர் எழுதி வைத்ததனால்தான் அது மீண்டது! எழுதி வைக்கப்படாத மொழிகளோ மண்ணோடு மண்ணாயின.

2021ஆம் ஆண்டு அந்நாட்டுக் கணக்கெடுப்பில் 167 தொல்குடி மொழிகள் பெயர்பெயராக எழுதப்பட்டன. அவற்றை வீட்டில் வழங்குவோர் 76,978 பேரே. காலங்கடந்த கண்ணீர்தான், எனினும் கணக்கில் பொய்யில்லை. அதே கணக்கில், அங்குக் குடியேறிய தமிழர் 95 ஆயிரத்திற்கு மேற்பட்டோர் தமிழர் என்றே எண்ணப்பட்டனர். அவர்களை இந்தியரென்று கூறி இந்தியில் சேர்த்திருந்தால் நாம் பொறுத்திருப்போமா? கடல் கடந்து போன தமிழனுக்கு நாம் எதிர்பார்க்கும் முறைமையை, நம் மண்ணுக்கு வந்த போசுபுரிக்காரனுக்கு மறுக்கலாமா?

‘வந்தேறிகள் பெருகினால் தமிழ் என்னாவது?’ என்று அன்பர் சிலர் கொதிக்கின்றனர். கொதிப்பு முறையே, ஆனால் பகைவன் யாரென்று அறிந்து கொதியுங்கள். தொழிலாளியை இந்திக்காரன் என்று நாம் கூறியவுடனே, ‘இங்கே இத்தனை இந்திக்காரர் உளர், ஆகவே வைப்பகத்தில் இந்தி வேண்டும், தொடர்வண்டி நிலையத்தில் இந்தி வேண்டும், ஆலையில் இந்தி அறிந்த மேற்பார்வையாளர் வேண்டும்’ என்று கேட்கக் காத்திருப்போன் மகிழ்கிறான். நம் வாய்ச்சொல்லே அவனுக்குச் சான்றாகிறது! ஒடியனுக்கும் சந்தாளிக்கும் இந்தி தாய்மொழியன்று. ஆலையில் அவன்மேலும் அது திணிக்கப்படுகிறது. தமிழன் தன் மண்ணிலேயே தன் மொழியை இழக்கிறான். வந்தவன் வந்த இடத்தில் தன் மொழியை இழக்கிறான். ஊதியம் பெறுவது இந்தி ஒன்றே.

பொறியின் அருகே நிற்பவனுக்கு மொழி உயிர்ச்செய்தி. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு பெரும்பாலான தொழிலாளர்க்குப் புரியும் மொழியிலும் இருக்கவேண்டும் என்று விதித்தது. அரைகுறை இந்தியில் கூவப்படும் எச்சரிக்கை புரியாமல் ஒருவன் விரலிழந்தால், அதற்குப் பொறுப்பு யார்?

தொல்காப்பியர் இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் எனச் சொல்லை நான்காகப் பகுத்தார். அயற்சொல்லுக்கும் அதற்குரிய பெயரிட்டு எல்லை வரையறுத்தார். பெயரிட்டு வேறுபடுத்துவதே தனித்தமிழ் நெறியின் முதற்படி. மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய இயக்கம் எதையும் எதனோடும் கலந்து குழப்பும் இயக்கமன்று. எனவே நாம் செய்யவேண்டியவை இவை:

1. தொழிற்சாலையின் பலகை, ஆணை, உடன்படிக்கை, இடர்காப்பு அறிவிப்பு யாவற்றிலும் தமிழே முதலில் நிற்கவேண்டும்.

2. வெளியிலிருந்து வரும் தொழிலாளிக்கு நிறுவனத்தின் செலவில் தமிழ் கற்பிக்கவேண்டும். அவன் தமிழ் அறியும்வரை இடர்காப்பை அவன் மெய்யான தாய்மொழியில் விளக்கவேண்டும்.

3. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையும் திருப்பெரும்பூதூர்–ஒரகடம் பகுதியில் மொழியாய்வு நடத்தி, எந்தெந்த மொழி பேசுவோர் எத்துணைப் பேர் என வெளியிடவேண்டும்.

நான்காவது கடமை என்போன்ற ஆசிரியர்களுக்கு உரியது. 2027 மார்ச்சு 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்குமென இந்திய அரசு அறிவித்துள்ளது. வீடுவீடாகச் செல்லப்போவோர் பெரும்பாலும் நாமே. தொழிலாளர் கொட்டகையின் வாயிலில் நிற்கும்போது, ஆளைப் பார்த்தவுடன் ‘இந்தி’ என்று பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்காதீர்! “உன் தாய் உன்னோடு எம்மொழியில் பேசினாள்?” என்று கேளுங்கள். அவன் சொல்வதைச் சொன்னபடியே பதியுங்கள். பிறகு தில்லி அதனை இந்தியோடு சேர்க்கலாம். சேர்த்தாலும் உள்ளே அப்பெயர் அச்சாகி நிற்கும். நாமே பதியாமல் விட்டால் அது எங்கும் நில்லாது.

1938இலும் 1965இலும் தெருவில் நின்று இந்தியை எதிர்த்தோம். இம்முறை ஒரு கட்டத்தில் ஓர் உண்மைப் பெயரைப் பதிவதே போராட்டம். தமிழாசிரியனே, அந்தக் கட்டத்தைப் பொய்க்கு விட்டுக்கொடுக்காதே!