பரோட்டாவை விடுங்கள், கடிகாரத்தைத் திட்டுங்கள்

மாதம் ஒருமுறையாவது எனக்கு அந்த வாட்ஸப் செய்தி வந்துவிடும். பரோட்டா விஷம். மைதாவை வெளுக்கும்போது அலாக்சான் என்ற ரசாயனம் உருவாகிறது. ஆய்வகத்தில் எலிக்குச் சர்க்கரை நோய் வரவைக்க அதைத்தான் ஊசியில் ஏற்றுகிறார்கள். உடனே பத்துப் பேருக்குப் பகிரவும். அனுப்புகிறவர் பெரும்பாலும் படித்தவராக இருப்பார், நல்லவராகவும் இருப்பார். அன்று காலை அவருடைய ஸ்டேட்டஸில் கம்பங்கூழும் சின்ன வெங்காயமும் இருக்கும்.

இன்னொரு வகையினரும் உண்டு. பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வரும் என் நண்பர்கள். "உங்க ஏரியால டீசண்டா உக்காந்து சாப்பிட ஒரு எடங்கூட இல்லையா மச்சி?" என்பார்கள். கையில் போன், போனில் நட்சத்திரங்கள். நான்குக்குக் கீழே இருந்தால் அந்தக் கடைக்குள் காலே வைக்க மாட்டார்கள்.

இந்த இரு தரப்புக்கும் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. ஆனால் இருவரும் செய்யும் தவறு ஒன்றுதான். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார்கள். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரிடம் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை.

சோமனூருக்கும் பல்லடத்துக்கும் இடையில், நொய்யலை ஒட்டி இருக்கிறது எங்கள் சாமளாபுரம். விசைத்தறி ஊர். இங்கே தறிச் சத்தம் நின்றால்தான் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பார்ப்பார்கள். தறிக்குடோனில் ஒரு ஆள் ஆறோ எட்டோ தறி பார்ப்பார். சாதாரணத் தறியில் நாடாவுக்குள் இருக்கும் தார், சில நிமிடங்களுக்கு ஒருமுறை தீர்ந்துபோகும். தறி நிற்கும், வேறு தார் போட வேண்டும். பாவில் இழை அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். எட்டுத் தறி என்றால் எப்போதும் ஏதாவது ஒன்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மீட்டருக்குத்தான் கூலி. தறி நின்றால் கூலியும் நிற்கும்.

இப்போது சொல்லுங்கள், அவர் எப்படிச் சாப்பிடுவார்? நான் சின்ன வயதிலிருந்து பார்த்தது இதுதான்: திறந்த டிபன் பாக்ஸ் ஜன்னல் திண்டில் இருக்கும். ஒரு வாய் சோறு, ஒரு தார். மறுபடி ஒரு வாய். சோற்றின் மேல் பஞ்சுத் தூசி உட்காரும். அது வீட்டில் ஆக்கிய சோறுதான், மைதா இல்லை, அலாக்சான் இல்லை. ஆனாலும் அதை நல்ல சாப்பாடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தறியை விட்டால் பனியன் கம்பெனி. காலை ஏழேகாலுக்கு முக்கில் கம்பெனி வேன் வந்து நிற்கும். எட்டரைக்கு மிஷினில் உட்கார வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு ஷிப்ட் முடியும். ஆனால் திருப்பூரில் யாரும் ஒரு ஷிப்டோடு எழுந்து வருவதில்லை, அந்தக் காசு வாடகைக்கும் வட்டிக்கும் பத்தாது. இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்ட். வீடு திரும்ப ஒன்பதரை. வாரக்கூலி சனிக்கிழமை. அன்றைக்கு இரவு திருப்பூரிலிருந்து பல்லடம் வரை எந்தக் கடையை எட்டிப் பார்த்தாலும் கல்லில் பரோட்டா வேகும், அல்லது இரும்புச் சட்டியில் ஃபிரைடு ரைஸ் பறக்கும். பக்கத்தில் காளான் வண்டி. இப்போது மோமோ வண்டியும் சேர்ந்திருக்கிறது.

பரோட்டா ஏன் இந்த ஊரை ஆள்கிறது என்பதற்கு ருசி பாதிக் காரணம்தான். மாவை மத்தியானமே பிசைந்து உருட்டி எண்ணெயில் ஊறவைத்துவிடலாம். சால்னா எத்தனை மணி நேரமானாலும் அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும். கேட்ட ஐந்தாவது நிமிடம் இலையில் சுடச்சுட விழும். இரண்டு தின்றால் காலை வரை பசிக்காது. பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்தவரின் பசிக்கு அளவெடுத்துத் தைத்த உணவு அது.

கடையில் பார்சலுக்கு நிற்கும் வரிசையைக் கவனித்திருக்கிறீர்களா? பாதிப் பேர் பெண்கள். ஓவர்லாக் மிஷினிலோ செக்கிங் டேபிளிலோ பகல் முழுக்க நின்றுவிட்டு வந்தவர்கள். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டினால் சாப்பிடப் பத்தரை ஆகும், பாத்திரம் கழுவிப் படுக்கப் பதினொன்றரை, மறுபடி ஐந்து மணிக்கு எழ வேண்டும். அந்தப் பார்சல் அவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம். "வீட்டுச் சாப்பாடே சிறந்தது" என்று எழுதுகிற நாம் ஒரு வரியை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம்: அந்தச் சாப்பாட்டை ஆக்குவது யார், எத்தனை மணிக்கு?

இதை வெளியில் நின்றுகொண்டு சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. என்ஜினியரிங் முடித்து நான் வேலைக்குச் சேர்ந்த ஒரு மென்பொருள் நிறுவனம், பனியன் கம்பெனிகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் செய்துகொடுத்தது. தையல் லைனில் ஒவ்வொரு வேலைக்கும் எஸ்.ஏ.எம். என்று ஒரு நிமிடக் கணக்கு உண்டு. காலர் வைக்க இத்தனை, கை சேர்க்க இத்தனை, மடிப்புக்கு இத்தனை. ஒரு சாதாரண டி-சர்ட்டின் மொத்தக் கணக்கே ஏறக்குறைய எட்டு நிமிடம். அப்படியானால் அரைமணி நேரச் சாப்பாடு என்பது ஒரு ஆளுக்கு நான்கு டி-சர்ட் மாதிரி. நான் எழுதிய திரையில் 'சாப்பாடு' என்ற சொல்லே கிடையாது. அது 'நான்-புரொடக்டிவ்' என்ற பத்தியில் ஒரு எண். இடைவேளை முடிந்து இரண்டு நிமிடத்துக்குள் மிஷின் ஓடாவிட்டால் அந்த டைலரின் கட்டம் சிவப்பாகும். அந்தச் சிவப்பை நான்தான் வைத்தேன். நன்றாக வேலை செய்கிறது என்று பாராட்டினார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. ஒரு கம்பெனியில் அதைப் பொருத்தப் போயிருந்தபோது, மணி அடிக்க மூன்று நிமிடம் இருக்கையில், ஒரு அக்கா மோர்ச்சோற்றைப் பாதியில் மூடி வைத்துவிட்டு மிஷினுக்கு ஓடினார். அப்போதுதான் என் நிரல் என்ன செய்கிறது என்று எனக்கு விளங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சாக வேலை வாங்கக் கூடாது, நடுவில் குறைந்தது அரைமணி நேர இடைவேளை தர வேண்டும் என்றது. 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது. அதே 1948-ல்தான் கலிஃபோர்னியாவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தங்கள் கடையைச் சில மாதம் மூடிவிட்டு, சமையலறையைத் தொழிற்சாலை லைன் மாதிரி மாற்றித் திறந்தார்கள். ஒருவர் கறி சுட, ஒருவர் பன் வைக்க, ஒருவர் பொட்டலம் கட்ட. அதுவரை ஃபேக்டரிதான் மனிதனை லைனில் உட்கார வைத்தது. இப்போது சோறும் லைனில் வந்து உட்கார்ந்தது. வேகமான வேலைக்கு வேகமான தீனி. ஃபாஸ்ட் ஃபுட்டின் சரித்திரத்தை நாவின் சரித்திரமாக எழுதுவது பாதிப் பொய். அது வேலை நேரத்தின் சரித்திரம்.

நம் சட்டத்தின் ஓட்டை அந்த 250-ல் இருந்தது. திருப்பூர்த் தொழிலே சின்னச் சின்னதாக உடைந்து கிடப்பது. நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், தையல் ஒரு இடம், அயர்ன் இன்னொரு இடம். நாற்பது பேர் வேலை செய்யும் கம்பெனியில் கேன்டீன் எங்கிருந்து வரும்? 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு கேன்டீனுக்கான எண்ணிக்கையை 100 ஆகக் குறைத்தது. நல்லது. ஆனால் மின்சாரத்தோடு 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்றிருந்ததை 20 பேர் என்று உயர்த்தியதும் அதே தொகுப்புதான். எங்கள் ஊர்த் தறிக்குடோனில் ஒரு ஷிப்டுக்கு இரண்டு பேர். அவர்கள் இந்தக் கணக்கிலும் இல்லை, அந்தக் கணக்கிலும் இல்லை.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பியது, மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். எல்லோரும் கொண்டாடினோம். ஒன்றரை ஷிப்ட் மட்டும் மறுநாள் காலை எட்டரைக்கு வழக்கம்போலத் தொடங்கியது. சட்டமாக வராமல் தடுத்த அதே பன்னிரண்டு மணி நேரம், பழக்கமாக ஏற்கெனவே இங்கே குடியிருக்கிறது.

2024 செப்டம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கும். கோவையில் நிதியமைச்சர் கலந்துகொண்ட கூட்டத்தில் அன்னபூர்ணா உணவகத்தின் உரிமையாளர் எழுந்து, பன்னுக்கு ஜிஎஸ்டி இல்லை, அதற்குள் கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று சிரிக்கச் சிரிக்கக் கேட்டார். பிறகு அவர் மன்னிப்புக் கேட்கும் காணொளி வெளிவந்தது. தமிழ் இணையமே கொதித்தது. நானும் நான்கு பதிவு போட்டேன். அவர் கேட்ட கேள்வி சரியானது, அவருக்கு நேர்ந்தது அவமானம்தான். ஆனால் வாரக்கணக்கில் பன்னைப் பற்றிப் பேசிய நாம், பேக்கரி வாசலில் நின்றுகொண்டு பத்து நிமிட டீ டைமில் அந்த பன்னையே காலைச் சாப்பாடாகத் தின்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களுடைய கேள்விக்கு எந்தக் கூட்டத்தில் மைக் கொடுக்கிறார்கள்?

"அப்படியென்றால் பரோட்டா உடம்புக்கு நல்லதா?" என்று கேட்பீர்கள். இல்லை. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெய் கெடுதல். சில்லி வண்டியில் சேர்க்கும் சிவப்புப் பொடியைப் பார்த்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. கடைகளை அதிகாரிகள் சோதிக்கட்டும், தண்ணீரைப் பார்க்கட்டும், தப்பு செய்தால் அபராதம் போடட்டும். எனக்கு அதில் தகராறே இல்லை. தகராறு எல்லாம் அந்தப் பேச்சு பரோட்டா மாஸ்டரோடு முடிந்துவிடுவதில்தான். அவரும் மத்தியானத்திலிருந்து நடுராத்திரி வரை கல்லின் அனலில் நிற்கிறவர். ஒரு கூலித் தொழிலாளியைத் திருத்த இன்னொரு கூலித் தொழிலாளியைத் திட்டுகிறோம். இருவரையும் நிற்க வைத்திருக்கும் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை.

1986-ல் ரோம் நகரில் மெக்டொனால்டு கடைக்கு எதிராகக் கிளம்பிய எதிர்ப்பிலிருந்துதான் 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் பிறந்தது. அழகான இயக்கம். நம்மூர் சிறுதானிய ஆர்வலர்கள் பலருக்கும் அந்தக் கனவுதான். ஆனால் மெதுவாகச் சாப்பிட முதலில் மெதுவான ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்காமல் கம்பை மட்டும் சிபாரிசு செய்தால், கிடைப்பது மால் வாசலில் ஒரு கிண்ணம் கம்பங்கூழ், விலை இரண்டு பரோட்டாவுக்கு மேலே.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, நடந்தும் இருக்கிறது. மும்பையில் துணி ஆலைகள் ஓடிய காலத்தில், வெளியூரிலிருந்து தனியாக வந்த தொழிலாளிகளுக்குப் பெண்கள் தங்கள் வீட்டிலேயே சமைத்துப் போட்டார்கள். அவற்றுக்குக் 'கானாவல்' என்று பேர். அந்தப் பெண்கள் கந்துவட்டியில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். 1975-ல் பிரேமா புராவ் அவர்களை ஒன்றுசேர்த்து 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' தொடங்கி வங்கிக் கடன் வாங்கிக்கொடுத்தார். தொழிலாளிக்குச் சூடான சோறு, சமைப்பவளுக்கு வட்டியிலிருந்து விடுதலை. இங்கேயும் ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்தவர்கள் அறைக்கு ஐந்தாறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். இங்கேயும் வீட்டு மெஸ் நடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். கடன் மட்டும் இன்னும் வாரவட்டியில்தான் கிடைக்கிறது. 2013-ல் ஒரு ரூபாய் இட்லியோடு அம்மா உணவகம் தொடங்கியபோது, அரசு நினைத்தால் சுத்தமான மலிவுச் சாப்பாடு போட முடியும் என்பது நிரூபணமானது. இருபது சின்னக் கம்பெனிகள் சேர்ந்து சாயக் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைக்கத் தெரிந்த ஊர் இது. நீதிமன்றம் நெருக்கியதால் வந்தது அது. பொதுச் சமையலறைக்கு யார் நெருக்குவது?

நாம்தான். எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும். ஒரு கடைக்கு நட்சத்திரம் போடும் கை, ஒரு கம்பெனியின் சாப்பாட்டு இடைவேளைக்கும் நட்சத்திரம் போடலாம். உட்கார இடம் உண்டா, கை கழுவத் தண்ணீர் உண்டா, முழுதாக அரைமணி நேரம் உண்டா? இந்த ஊர் பனியனை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள் பட்டன் பிய்கிறதா என்பதுவரை சோதிக்கிறார்கள். இதையும் கேட்கச் சொல்லி நாம் எழுதலாம்.

போன மாதம் எங்கள் வீதியில் தார் சுற்றும் ஒரு பெரியம்மாவிடம், பரோட்டாவைக் குறைத்துக்கொண்டு கம்பு சாப்பிடலாமே என்று என் படித்த வாயால் சொல்லிவிட்டேன். கோபமெல்லாம் படவில்லை அவர்.

"கம்பு நல்லதுன்னு எனக்குத் தெரியாதுங்களா சாமி? எங்காத்தா ஆக்கிப்போட்ட கம்பஞ்சோத்துலதான் நாங்க வளந்தது. ஆனா அதை ஆரு ஊறப்போடறது, எப்ப இடிக்கிறது? அதையுஞ் சொல்லிப்போட்டுப் போ."

அடுத்த முறை அந்த வாட்ஸப் செய்தி வரும்போது இந்த இரண்டு கேள்வியையும் பதிலாக அனுப்பப் போகிறேன். நீங்களும் பத்துப் பேருக்குப் பகிரலாம்.