கள்ளுக்குத் தீட்டில்லை, இறக்கியவருக்குத்தான் இருந்தது

வெளிநாடு போகும் நம் இளைஞர்களிடம் இப்போது ஒரு புதிய ஆசை தெரிகிறது. போன ஊரின் கடற்கரையையும் கோட்டையையும் பார்ப்பதோடு, அந்த ஊர் பீரையும் தேடிக் கண்டுபிடித்துக் குடித்து, படம் எடுத்துப் போடுகிறார்கள். பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பீரில் என்னென்ன சேர்க்கலாம் என்று 1516இலேயே பவேரியாவில் சட்டம் போட்டார்கள். ஒரு மண்ணின் தானியமும் தண்ணீரும் உழைப்பும் ஒரு கோப்பையில் வந்து சேர்கின்றன. அதை ருசிக்க நினைப்பதில் தவறு ஒன்றுமில்லை.

ஆனால் சாதியைப் படித்த நமக்கு ருசியோடு கேள்வியும் வரவேண்டும். இதை இறக்கியவர் யார்? அவருக்கு எந்தக் குவளையில் கொடுத்தார்கள்? காசு யார் கைக்குப் போனது?

இராமநாதபுரத்துக்காரர்களுக்கு மிக அருகில் இருக்கும் வெளிநாடு பெல்ஜியம் அல்ல, இலங்கை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு போரும் வந்து இராமேஸ்வரம் கப்பலும் நின்றுபோனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். இனி நம் மாணவர்களும் யாழ்ப்பாணம் போய்வருவார்கள். 'இந்த ஊர் பீர் எது?' என்று கேட்டால் லயன் பீரைக் கொடுப்பார்கள். அதன் கதை 19ஆம் நூற்றாண்டில், வெள்ளைக்காரத் துரைமார் குளிருக்குத் தங்கிய நுவரெலியாவில் தொடங்குகிறது. அந்த மலையகத்தைத் தேயிலைக் காடாக்கிய கூலிகளில் பெரும்பங்கினர் தமிழ்நாட்டுத் தலித் மக்கள். அவர்களில் எத்தனையோ பேர் நம் மண்டபம் கேம்ப்பில் அடைக்கப்பட்டு, சோதிக்கப்பட்டு, கப்பலேற்றப்பட்டவர்கள். ஆக அந்தப் பாட்டிலும் நமக்கு முழுக்க அந்நியமானதல்ல.

யாழ்ப்பாணத்தின் உண்மையான உள்ளூர் பீர் கள்தான். பனம்பாளையைச் சீவி முட்டி கட்டினால் வடியும் சாறு, காற்றிலுள்ள நொதியால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கும். முட்டியில் சுண்ணாம்பு தடவினால் அதுவே பதநீர். போதையின் அளவில் புளித்த கள்ளுக்கும் பீருக்கும் பெரிய தூரமில்லை. அங்கே கள்ளுக்கடையைத் தவறணை என்பார்கள். பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் கள் விற்கின்றன, போத்தலில் அடைத்தும் விற்கின்றன. வடமராட்சியின் திக்கத்தில் பனஞ்சாராயம் வடிக்கும் ஆலையும் உண்டு. இங்கே 1987 முதல் கள் இறக்குவது குற்றம். கடலுக்கு அந்தப் பக்கம் அது சட்டபூர்வமான தொழில்.

இதுவரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். 'ஈழத்தைப் பார், கேரளத்தைப் பார், கள் தமிழர் பானம்' என்று மேடையில் முழங்குகிறார்கள். மீதிக் கதையை நாம்தான் சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் பனை ஏறிக் கள் சீவியவர்கள் பெரும்பாலும் நளவர், பள்ளர் எனப் பஞ்சமர் வரிசையில் தள்ளப்பட்ட மக்கள். அவர்கள் இறக்கிய கள்ளை வெள்ளாளர் வீடுகள் வாங்கிக் குடித்தன. அவர்களோ அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது, கோயிலுக்குள் போக முடியாது, தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார முடியாது. அவர் கைபட்ட கள்ளுக்குத் தீட்டில்லை, அவருக்குத்தான் தீட்டு. சாதி எவ்வளவு கணக்காக வேலை செய்கிறது பாருங்கள். உழைப்பின் பலனை உள்ளே விடும், உழைத்தவரை வாசலில் நிறுத்தும்.

இது தானாக மாறவில்லை. 1957இல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டம் வந்தும் கடைகள் திறக்கவில்லை. 1966 அக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனார்கள். சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் நின்றார்கள். அடிபட்டார்கள், உயிரும் கொடுத்தார்கள். அந்த 1957இல்தான் செப்டம்பர் 11 அன்று நம் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். இரட்டைக் குவளையை எதிர்த்து நின்றவர் அவர். இரு கரையிலும் சண்டை ஒரு குவளைக்காகத்தான் நடந்தது.

குவளை என்றதும் சிலர் பனையோலையைக் காட்டுவார்கள். அங்கே பிளா, இங்கே பட்டை. எல்லோரும் ஓலையில் குடித்துவிட்டு எறிந்தோமே, அது சமத்துவம் இல்லையா என்பார்கள். ஒருவர் வாய்வைத்ததை இன்னொருவர் தொடவே வேண்டாம் என்பது சாதிக்கும் வசதிதான். இரட்டைக் குவளை ஒழிந்ததாகச் சொல்லும் ஊர்களில் பேப்பர் கப் வந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். குவளை மாறுவது வேறு, உட்காரும் பெஞ்சு ஒன்றாவது வேறு.

காசு யாருக்குப் போகிறது என்ற கேள்விக்குத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். அங்கே கறுப்பினப் பெண்கள் வீட்டில் சோளத்தில் பீர் காய்ச்சி விற்றுப் பிழைத்தார்கள். 1908இல் நட்டாலில் ஒரு சட்டம் போட்டார்கள். அதை வைத்து டர்பன் நகராட்சி அந்த பீரைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. வீட்டில் காய்ச்சினால் குற்றம், நகராட்சிக் கூடத்தில் குடித்தால் வருமானம். அந்த வருமானத்தில்தான் கறுப்பின மக்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகமே நடந்தது. 1959இல் கேட்டோ மேனர் பெண்கள் அந்த பீர் கூடங்களுக்குள் புகுந்து தாக்கினார்கள். அவர்கள் கோபம் இரண்டு பக்கமும் பாய்ந்தது. எங்கள் பிழைப்பையும் பிடுங்கினாய், எங்கள் ஆண்களின் கூலியையும் பிடுங்குகிறாய் என்பதுதான் அது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். பனைமரம் மாநில மரம். அதன் கள்ளுக்குத் தடை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். 2022-23இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 44,000 கோடி ரூபாய்க்கு மேல். சாயல்குடியில் பனை ஏறுகிறவர் புளித்த கலயத்தோடு நின்றால் வழக்கு, ஆலை முதலாளி லாரியில் பீர் அனுப்பினால் தொழில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். அதிகம் செத்தது நம் மக்கள்தான். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று உளுந்தூர்ப்பேட்டையில் மது ஒழிப்பு மாநாட்டுக்குப் பெண்கள் திரண்டு வந்ததை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூலியில் பாதி கடையிலேயே கரைந்துபோகும் வீட்டை நடத்துகிறவர்கள் அவர்கள்.

கள்ளுத் தடையை நீக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நிபந்தனை இல்லாமல் அல்ல. உரிமம் ஏலத்துக்குப் போகக் கூடாது, ஏறுகிறவர்களின் கூட்டுறவுக்குப் போக வேண்டும். புறம்போக்கிலும் கண்மாய்க் கரையிலும் நிற்கும் பனைகளில் நிலமற்ற தலித் குடும்பங்களுக்குப் பங்கு வேண்டும். ஊரில் கடை வேண்டுமா என்பதைப் பெண்கள் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கடையில் ஒரே பெஞ்சு, ஒரே குவளை இருக்க வேண்டும். இவை இல்லாமல் 'தமிழர் பானம்' என்று பேசினால், மரம் வைத்திருப்பவருக்கு லாபம், ஏறுகிறவருக்குப் பழைய கூலி, நமக்குப் பழைய வாசல்.

பயணம் போங்கள் தோழர்களே. ஊர் பீரோ, பனங்கள்ளோ, குடிப்பதும் குடிக்காததும் உங்கள் விருப்பம். அந்தக் கோப்பையைப் படம் எடுக்கும்போது, அதை இறக்கியவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று கேட்டு, அதையும் எழுதிப் போடுங்கள்.