மலை ஏறப் போகிறீர்களா?

ரோடு இல்லாத மலைக் கிராமங்களுக்கு நடந்தே போய்ப் பார்க்கப் பலர் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால், ஆசை மட்டும் போதாது!

தேனி மாவட்டம் குரங்கணி மலையில், 2018-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி காட்டுத் தீ பரவியது. மலையேறச் சென்றவர்கள் அதில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிர் இழந்தார்கள்.

கோடையில் புல் காய்ந்து கிடக்கும். சரிவில் தீ மேல்நோக்கி வேகமாக ஏறும். மனிதன் அதை முந்த முடியாது.

ஆகவே, கோடையில் காட்டு வழி வேண்டாம். மற்ற மாதங்களிலும் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்லுங்கள். வழி தெரிந்த மலைக் கிராமத்தவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக் கொள்ளுங்கள். அவர் திரும்பச் சொன்னால், மறு பேச்சின்றித் திரும்பி விடுங்கள்.

மலை எங்கும் ஓடிப் போகாது. வீட்டில் உங்களுக்காகக் காத்திருப்பவர்களை நினையுங்கள்!