வேடன் கை அம்பு

ஔந்தில் நாம் அரங்கேற்றவிருக்கும் நாடகத்துக்கு மான் வேட்டையாடும் வேடனின் அம்பு தேவைப்பட்டது. அட்டையில் முனை வெட்டும் பணி என்னிடம் வந்தது. பின்னோக்கி வளைந்த கொக்கிகள் வேண்டுமென்றார் நண்பர், அதுதான் வீரமாம்! எனக்கு உடன்பாடில்லை.

துப்பாக்கிக் குண்டு மோதிச் சிதைக்கும். அம்போ அறுத்துக் கொல்வது. குருதி வடிந்தே மான் விழும். ஆகவே முனையின் சிறப்பு அதன் கூர்மையே. மரவில்லின் விசை குறைவு. அதற்கு மூன்று, நான்கு அலகுள்ள முனையைவிட, சற்றே கனத்த இரண்டு அலகு முனைதான் ஆழப் பாயும். அரத்தால் தீட்டவும் எளிது. மழுங்கிய முனை தைத்த மான் ஓடிப்போய், எங்கோ புதரில் நெடுநேரம் துடித்துச் சாகும். கொக்கியோ, ஆறக்கூடிய காயத்திலும் அம்பைக் கழல விடாது. வில்வேட்டைக்கு இசைவு தரும் அமெரிக்காவிலேயே நியூயார்க் மாநிலம் கொக்கி முனையைத் தடை செய்துள்ளது.

“நம் நாட்டில்தான் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டையே குற்றமாயிற்றே, உனக்கேன் இக்கவலை?” என்பீர்கள். வேட்டை ஒழிந்தது நன்றே. ஆனால் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டில் இரும்பு அம்புமுனைகள் கிடைத்தனவே! அத்தகைய கொல்லர்களின் வழிவந்தோம் என்று மேடையில் முழங்கும் நாம், அவர்கள் தொழிலின் அரிச்சுவடியையேனும் அறிய வேண்டாமா? கொடுமையை வீரமென்று காட்டலாமா?

இலை வடிவில் இரண்டு அலகு வெட்டி ஒட்டிவிட்டேன். நண்பருக்கு இன்னும் கோபம் தணியவில்லை.